எவர்கிளேட்ஸ்: கோரைத் தண்டைப் போர்த்திய உயிருறை

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்திலுள்ள எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில், நீரில் நிற்கும் கோரைத் தண்டுகளைச் சுற்றி மஞ்சளும் பழுப்பும் கலந்த சொரசொரப்பான உறை படிந்திருக்கும். அழுக்கென்று ஒதுக்கத் தோன்றும். நுண்ணோக்கியில் வைத்தால் நீலப்பச்சைப் பாசி இழைகள், டயாட்டம்கள், பாக்டீரியா, இவற்றுக்கு நடுவே சுண்ணாம்புத் துகள்கள் தெரியும். சிறு மீன்களுக்கும் நத்தைகளுக்கும் இதுவே மேய்ச்சல் நிலம். நீர் வற்றும் பருவத்தில் ஈரத்தைப் பிடித்துவைத்து உள்ளிருக்கும் உயிர்களைக் காப்பதும் இதுவே. சதுப்பு நிலத்தின் நலம் அறிய, பறவைகளுக்கும் முன்பாக இந்த உறையைத்தான் பார்க்க வேண்டும்.

வடக்கே கரும்பு வயல்களிலிருந்து வடியும் பாஸ்பரஸ்தான் இதன் பகை. உரம் சத்துதானே, பாசி செழிக்காதா என்று கேட்கலாம். செழிக்கும், ஆனால் வேறு பாசி. சுண்ணாம்பு உறை சிதைந்து பச்சை இழைப்பாசி பரவும். பிறகு சம்பங்கோரை அடர்ந்து வெயிலையே மறைத்துவிடும். அப்படியானால் நீரைச் சோதித்தால் போதாதா? போதாது. வந்துசேரும் பாஸ்பரஸை உறை உடனே உறிஞ்சிக்கொள்வதால், கேடு தொடங்கிய பிறகும் நீர் தூயதாகவே அளவு காட்டும். எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவுக்குள் நீரோட்டத் தடங்கள் அமைத்து ஆண்டுக்கணக்கில் நடந்த சோதனையில், 100 கோடிப் பங்கு நீரில் வெறும் 5 பங்கு பாஸ்பரஸைக் கூடுதலாகத் தொடர்ந்து சேர்த்ததே உறையைக் கலைத்துவிட்டது. எவர்கிளேட்ஸ் நீருக்கு ஃபுளோரிடா மாநிலம் விதித்துள்ள வரம்பு, 100 கோடியில் 10 பங்கு.