முடிவெடுக்க நேரம் இருக்கிறது

மார்பகப் புற்றுநோய், தொடக்க நிலை என்று அறிக்கை வந்ததும் வீட்டில் எழும் முதல் பேச்சு, "உடனே எடுத்துவிடுங்கள்" என்பதுதான். சிங்கப்பெருமாள் கோவில் அருகே அரசு நடுநிலைப் பள்ளியில் பணியாற்றும் எனக்கு 51 வயதில் அந்த அறிக்கை வந்தது. கட்டியின் அளவு 1.8 செ.மீ. அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளில் பரவல் இல்லை. சிகிச்சையை முடிவு செய்யும்போது நான் தெரிந்துகொண்டவை சக ஆசிரியர்களுக்கும் நம் மாணவர்களின் அம்மாக்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

தொடக்க நிலைப் புற்றுநோய் பொதுவாக ஓரிரு வாரத்தில் கைமீறிப் போய்விடாது. அறிக்கைகளைப் புரிந்துகொள்ளவும் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கவும் அந்த அவகாசம் போதும். மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. "பொதுத்தேர்வு முடியட்டும், கோடை விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம்" என்பது நம்மிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு. அது வேண்டாம்.

முழுவதுமா, கட்டி மட்டுமா?

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், மார்பகத்தோடு அதன் அடியிலுள்ள தசையையும் அகற்றும் அறுவை சிகிச்சையைப் பரப்பினார். அதிகம் அகற்றினால் அதிகப் பாதுகாப்பு என்ற அந்த எண்ணம் பல பத்தாண்டுகள் நீடித்தது. இத்தாலியின் உம்பெர்த்தோ வெரோனேசியும் அமெரிக்காவின் பெர்னார்ட் ஃபிஷரும் அதைத் தனித்தனியே சோதித்தார்கள். இருவரின் 20 ஆண்டுக் கால முடிவுகளும் 2002இல் வெளிவந்தன. மார்பகம் முழுவதையும் அகற்றியவர்களுக்கும், கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும் உயிர்வாழும் வாய்ப்பு ஒன்றாகவே இருந்தது.

இதில் கதிர்வீச்சின் பங்கு பெரிது. ஃபிஷரின் ஆய்வில், கட்டியை அகற்றிக் கதிர்வீச்சு பெற்றவர்களில் 14.3 விழுக்காட்டினருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. கதிர்வீச்சு பெறாதவர்களில் அது 39.2 விழுக்காடு. எனவே கட்டியை மட்டும் அகற்றத் தீர்மானித்தால், கதிர்வீச்சையும் சேர்த்தே தீர்மானிக்க வேண்டும். முன்பு ஐந்து வாரம் தரப்பட்ட இச்சிகிச்சை, இன்று பல மையங்களில் மூன்று வாரத்தில் முடிகிறது. வாரத்தில் ஐந்து நாள் போய்வர வேண்டும். எங்கள் ஊரிலிருந்து மின்சார ரயிலில் கிண்டி சென்றால், முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிறுவனத்தை அடையலாம். ஒரகடம், வாலாஜாபாத் வழியாகச் சென்றால் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது.

எல்லோருக்கும் இந்த வாய்ப்பு அமையாது. மார்பகத்தின் பல இடங்களில் கட்டி இருந்தாலோ, அங்கு முன்பே கதிர்வீச்சு பெற்றிருந்தாலோ முழு அறுவையை மருத்துவர் பரிந்துரைக்கக்கூடும்.

மருந்தை முடிவு செய்வது எது?

திசுப் பரிசோதனை அறிக்கையில் ஹார்மோன் ஏற்பி, ஹெர்-2 ஆகியவற்றின் முடிவுகள் இருக்கும். ஹார்மோன் ஏற்பி இருந்தால் தமாக்சிபென் போன்ற மாத்திரை குறைந்தது ஐந்து ஆண்டுகள் தேவைப்படும். ஹெர்-2 மிகுந்திருந்தால் அதற்கென டிராஸ்டுசுமாப் என்ற ஊசி மருந்து உண்டு. இரண்டும் இல்லாத வகையில் கீமோதெரபியின் பங்கு கூடுகிறது.

ஹார்மோன் ஏற்பி இருந்து, ஹெர்-2 மிகாமல், நிணநீர் முடிச்சுக்கும் பரவாத நிலையில் கீமோ தேவையா என்பதை மரபணுச் சோதனை சொல்ல உதவும். 10,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வின்படி, சோதனையில் நடுத்தர மதிப்பெண் பெற்ற, 50 வயதைக் கடந்த பெண்களுக்குக் கீமோவால் கூடுதல் பயன் இல்லை. சோதனைக்குச் செலவு அதிகம். காப்பீட்டில் கிடைக்குமா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

நான் கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு பெற்றேன். அதே ஆண்டில் என் மாணவி ஒருத்தியின் அம்மாவுக்கும் இதே நோய் வந்தது. அவர் ஒரகடம் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தப் பணியாளர். "மூணு வாரம் லீவு போட்டா சம்பளம் போயிடும் டீச்சர், மொத்தமா எடுத்துடச் சொல்லிட்டேன்" என்றார். அவரிடம் இ.எஸ்.ஐ. அட்டை இருந்தது. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பணியில் இருந்து, உரிய நாட்களுக்குச் சந்தாவும் செலுத்தியிருந்தால், புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களுக்குச் சராசரி தினக்கூலியில் 80 விழுக்காட்டை இ.எஸ்.ஐ. வழங்குகிறது. அலுவலகத்தில் விசாரித்து, தனக்கு அது உண்டு என்று உறுதி செய்துகொண்டார். பிறகும் முழு அறுவையையே தேர்ந்தெடுத்தார். "தெனமும் அலைய வேணாம், எனக்கு இதுதான் நிம்மதி" என்றார். சம்பளப் பயம் விலகிய பின் எடுத்த அந்த முடிவும் சரியான முடிவே.

மருத்துவரைப் பார்க்கும் முன் ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: நோய் எந்த நிலை? ஏற்பிகளின் முடிவு என்ன? கட்டியை மட்டும் அகற்ற முடியுமா? முடியாதென்றால் ஏன்? கீமோவால் எனக்கு எவ்வளவு பயன்? எத்தனை நாள் விடுப்பு வேண்டும்? உடன் ஒருவரை அழைத்துச் சென்று பதில்களைக் குறிக்கச் சொல்லுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திற்கு வரும் அம்மாக்களிடமும் இதைப் பகிருங்கள். மார்பில் கட்டியை உணர்ந்தும் வெளியே சொல்லத் தயங்கும் ஒருவர் அங்கே இருக்கக்கூடும்.