பல் நிற அடைப்பு ஓரத்தில் விட்டுப்போவது ஏன்?

பல் நிறக் காம்போசிட் அடைப்பு உடையாமல், நிறம் மாறாமல் இருக்கும்போதே அதன் ஓரத்தில் சொத்தை தொடங்குவதுண்டு. ஏன்?

1955இல் அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவோனகோர் பல்லின் மேலுறையான எனாமலைப் பாஸ்பாரிக் அமிலத்தால் லேசாக அரித்துப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத குழிகள் உண்டாயின. அவற்றில் ஒட்டும் பிசின் இறங்கி இறுகிக்கொண்டது. எனாமலின் எடையில் சுமார் 96 சதவீதம் கனிமம் என்பதால் அந்தப் பிடி பல ஆண்டுகள் நிற்கும்.

சிக்கல் அடியிலுள்ள டென்டினில். அது ஈரமானது, கொலாஜன் இழைகள் நிறைந்தது. அமிலம் கனிமத்தைக் கரைத்ததும் இழைகள் வெறுமையாகின்றன. பிசின் முழுதாகச் சூழாத இடங்களில் நீர் தங்கி, நாளடைவில் பிசினையே சிதைக்கிறது. டென்டினுக்குள் செயலற்றுக் கிடந்த நொதிகளும் அமிலத்தால் விழித்துக்கொண்டு கொலாஜனை அறுக்கின்றன. பல்லே தன் ஒட்டைக் கெடுப்பது எனக்கு இன்றும் வியப்பு!

இன்னொன்று: நீல ஒளியில் இறுகும்போது காம்போசிட் கன அளவில் ஏறத்தாழ 2, 3 சதவீதம் சுருங்கி ஓரங்களை இழுக்கும். அதனால்தான் மருத்துவர் மெல்லிய அடுக்குகளாக வைத்து, ஒவ்வொன்றாக இறுக்குகிறார். அப்போது எச்சில் பட்டாலும் ஒட்டு கெடும். பொறுமையாக வாயைத் திறந்தே வைத்திருங்கள். ஈறை ஒட்டிய ஓரத்தில் எனாமல் மெலிந்திருக்கும், சிலருக்கு இருக்கவே இருக்காது. மறுசொத்தை பெரும்பாலும் அங்கேதான் வரும்.