தராசுக்குத் தெரியாத கொழுப்பு

புனே: ஒல்லியான குழந்தைக்கு உடற்பருமன் குறித்த கவலை தேவையில்லை என்றே பெற்றோரும் பள்ளிகளும் அரசுத் துறைகளும் கருதி வருகின்றன. புனே நகரையொட்டிய ஆறு கிராமங்களில் 1993ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஆய்வு இந்த நம்பிக்கையை அசைத்திருக்கிறது.

புனே கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் தலைமையிலான குழு, இக்கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் எடையைக் குறித்துக்கொண்டதோடு நிற்கவில்லை. தோள்பட்டை எலும்புக்குக் கீழே தோலை மடித்துப் பிடித்து, அதன் தடிமனைக் காலிப்பர் என்னும் கருவியால் அளந்தது. தோலுக்கடியில் சேர்ந்துள்ள கொழுப்பை அந்த மடிப்பு காட்டிக்கொடுத்துவிடும்.

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்ட முடிவுகள் 2003ல் வெளியாயின. அங்கே பிறப்பு எடை சராசரியாக 3.5 கிலோ, புனே கிராமங்களில் 2.7 கிலோ. கையின் சுற்றளவிலும் வயிற்றின் சுற்றளவிலும் நம் குழந்தைகள் வெகுவாகப் பின்தங்கியிருந்தனர். முதுகுப்புறத் தோல்மடிப்பில் மட்டும் அந்த இடைவெளி மிகக் குறுகியிருந்தது. வறுமை பறித்துக்கொண்டது தசையை, கொழுப்பை அல்ல. "ஒல்லியான, ஆனால் கொழுப்பு மிகுந்த இந்தியக் குழந்தை" என்ற தொடர் மருத்துவ உலகில் நிலைபெற்றது இவ்வாறுதான்.

மறு ஆண்டே யாஜ்னிக் தம் உடலையே சான்றாக்கினார். அவருக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினுக்கும் உடல் நிறை குறியீட்டெண் ஒன்றே: 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். இருவரின் படத்தையும் 2004ல் லான்செட் இதழ் வெளியிட்டது. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துக் கிடைக்கும் அந்த எண், தசை எது, கொழுப்பு எது என்று அறியாது.

இதே புனேயின் ஜஹாங்கீர் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் தம்பதியர் வாமன் கடிலிகர், அனுராதா கடிலிகர் பங்களிப்புடன், இந்தியக் குழந்தைகளுக்கான வளர்ச்சி வரைபடங்களை இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015ல் வெளியிட்டது. வயது வந்தோருக்கு உலகெங்கும் வழங்கும் 25, 30 என்ற வரம்புகளுக்குப் பதிலாக 23, 27 என்பவை அவற்றுக்கு அடிப்படையாயின. பின்னர், உடலில் மெல்லிய மின்னோட்டம் செலுத்திக் கொழுப்பைக் கணிக்கும் முறையிலும் நம் சிறார்களுக்கான அளவுகள் வகுக்கப்பட்டன.

இதில் அரசுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். மத்திய சுகாதார அமைச்சகம் 2016-18ல் நடத்திய தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 5 முதல் 9 வயதுக் குழந்தைகளில் மிகை எடை கொண்டோர் 4 சதவீதமே. ஆனால் அதே வயதுக் குழந்தைகளில் சுமார் 10 சதவீதத்தினர் நீரிழிவின் முன்நிலையில் இருந்தனர். ரத்தம் எச்சரித்த பிள்ளைகள் பலரைத் தராசு கண்டுகொள்ளவில்லை. அங்கன்வாடியில் எடையும் உயரமும் தவறாமல் பதிவாகின்றன. மின்சாரம்கூடத் தேவைப்படாத காலிப்பருக்கு அங்கே இடமில்லை. பயிற்சி பெற்ற கை வேண்டும் என்பது உண்மை. அது தர முடியாத பயிற்சி அல்ல.

கேடு கருவிலேயே தொடங்குவதாகவும் புனே குழு காட்டியது. கர்ப்பக் காலத்தில் ஃபோலேட் மிகுந்தும் வைட்டமின் பி12 குறைந்தும் இருந்த தாய்மாரின் பிள்ளைகளிடம், ஆறு வயதில் இன்சுலின் எதிர்ப்பு மிக அதிகம் என்று 2008ல் அது அறிவித்தது. அக்கிராமங்களில் பிறந்து பதின்பருவம் எட்டிய பிள்ளைகளுக்கு, ஆண் பெண் இருபாலாருக்கும், 2012 முதல் பி12 மாத்திரைகளை அக்குழு அளித்துப் பார்த்தது. அவர்கள் பெற்ற குழந்தைகளும் பின்னர் ஆய்வுக்குள் வந்தனர்.