உயிர் போனாலும் மெய் பேசும்

அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா போகும் பாதையில் இருக்கிறது திருத்தணி. ரயில்வே ஆவணங்களில் அந்த ஊருக்கு மூன்றே எழுத்துதான்: டி.ஆர்.டி. ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து பிடிக்கும் பெயரில் உயிரெழுத்துகளை எல்லாம் உதிர்த்துவிட்டு, மூன்று மெய்யை மட்டும் வைத்துக்கொண்டார்கள். தந்தியில் தட்ட அவ்வளவு போதும். இன்று முருகன் கோயில் படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு கல்லூரி மாணவி ‘மெசேஜ்’ என்பதை எம்.எஸ்.ஜி. என்று தட்டும்போது அவளும் அதைத்தான் செய்கிறாள்.

இது எப்படிச் சாத்தியமாகிறது? அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1948இல் இதற்குக் கணக்குப் போட்டார். சாதாரண ஆங்கில எழுத்தில் ஏறக்குறைய பாதி மிகை என்றார். ‘க்யூ’ வந்தால் பின்னாலேயே ‘யு’ வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த ‘யு’ புதிதாக எதையும் சொல்வதில்லை. ஐந்தே ஐந்து உயிரெழுத்துகளில் எது விட்டுப்போனது என்று ஊகிப்பது எளிது. மெய் விட்டுப்போனால்தான் திண்டாட்டம்.

நம் முன்னோருக்கும் இது தெரியும். எழுத்தாணி ஓலையைத் துளைத்துவிடும் என்று ஏட்டில் புள்ளி வைக்காமலே எழுதினார்கள். பழைய பத்திரங்களில் ‘மேற்படி’க்கு ௸, வருடத்துக்கு ௵. அதனால் தமிழ் கெட்டுவிடவில்லை.

ஆங்கிலமும் கெடவில்லை என்பதே என் எண்ணம். இங்கிலாந்தின் கவென்ட்ரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் 10 முதல் 12 வயது வரையுள்ள 88 பிள்ளைகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சுருக்கி எழுதும் பழக்கம் மிகுந்த பிள்ளைகள் வாசிப்பில் பின்தங்கவில்லை, முன்னே நின்றார்கள். ஒலியைப் பிரித்துக் கேட்கத் தெரிந்தால்தானே சுருக்க முடியும்!

உண்மையான மாற்றம் முற்றுப்புள்ளியில் நடந்திருக்கிறது. 2015இல் அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் 126 மாணவர்களிடம் ஒற்றைச் சொல் பதில்களைக் காட்டினார்கள். கைப்பேசிச் செய்தி முற்றுப்புள்ளியோடு முடிந்திருந்தால், அதில் மனம் இல்லை என்றார்கள். கையால் எழுதிய சீட்டில் அதே புள்ளி அப்படித் தோன்றவில்லை. வாக்கியத்தை முடிக்க இருந்த குறி, குரலின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டது. வாட்ஸாப்பில் “சரி” என்பதற்கும் “சரி.” என்பதற்கும் உள்ள தூரம் நம் வீடுகளிலும் தெரிந்ததே.

திருத்தணியில் இந்தக் கதைக்கு இன்னொரு கிளை உண்டு. ம.பொ.சி. முன்னின்ற எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்த ஊர் இது. வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ் என்று வளரும் பிள்ளைகள் இங்கே உண்டு. தெலுங்கு எழுத்து படிக்கத் தெரியாத பிள்ளையும் நகரியிலும் புத்தூரிலும் இருக்கும் சொந்தங்களுக்கு ஆங்கில எழுத்தில் தெலுங்கை எழுதிவிடலாம். இரண்டு மொழிக்கும் பொதுத் திண்ணையாகிவிட்டது ஆங்கில எழுத்து.

தமிழை அந்தத் திண்ணைக்குத் தள்ளியதில் தொழில்நுட்பத்துக்கும் பங்குண்டு. ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் 1,120 பிட்தான் இடம். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் வீதம் 160 எழுத்து. தமிழுக்கு 16 பிட் வீதம் 70 குறிகள்தான். இகரக் குறிக்கும் புள்ளிக்கும்கூடத் தனித்தனி இடம் வேண்டும். ‘திருத்தணி’ என்று தமிழில் எழுத 144 பிட், ஆங்கிலத்தில் 63. காசு கொடுத்துச் செய்தி அனுப்பிய காலத்தில் யார் தமிழில் தட்டுவார்கள்?

இதில் நாம் இழப்பது உயிரெழுத்தை அல்ல, மெய்யை. அதுதான் எனக்கு வலிக்கிறது. ந, ன, ண மூன்றும் ஆங்கிலத்தில் ஒரே ‘என்’. அதிலிருந்து தமிழுக்குத் திரும்பும்போது ஊர்ப்பெயர் ‘திருத்தனி’ ஆகிவிடுகிறது. முருகனின் சினம் தணிந்த மலை என்பதால் தணிகை. ‘தனி’ என்று எழுதினால் அந்தத் தணிதல் போய்விடுகிறது. இணையச் செய்திகளில் இப்போது பிட் கணக்கும் இல்லை, 70 குறி வரம்பும் இல்லை. கைப்பேசியின் தமிழ் விசைப்பலகையில் ‘ன’வைப் போல ‘ண’வும் ஒரே தட்டுதான்.