நெடும் பிரயாணமும் யோகாப்பியாசமும்

கரவெட்டிக்கு அயலிலே, தொண்டைமானாற்றங்கரையில் எழுந்தருளியிருக்கும் செல்வச்சந்நிதி முருகனை வணங்கிப் புறப்பட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை என்று கீழைக்கரை வழியே நடந்து, யால வனத்தையும் கடந்து, கதிர்காமத்து ஆடி உற்சவத்துக்குப் போய்ச் சேரும் பாதயாத்திரை யாழ்ப்பாணத்து வடமராட்சியாருக்குப் புதியதன்று. பல வாரங்கள் நீளும் அந்த வழியில் யாத்திரிகரின் கால்களுக்கு ஓய்வு கிடைப்பதே அருமை. அதே வடமராட்சியிலிருந்து இன்று லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் தாய்தந்தையரோ, கொழும்புவரை ஏறத்தாழ 400 கிலோமீற்றரை இரவு பஸ்ஸிலும், பின்னர் பத்து மணித்தியாலத்துக்கு மேலாக ஆகாய விமானத்திலும், மடக்கிய முழங்காலை நீட்டாமலே கழிக்கிறார்கள். நடந்து போனவர் இரவில் மடத்துச் சுவரிலே கால்களை உயர்த்திச் சாத்திப் படுத்து, பிறகு சவாசனத்தில் அடங்கினால் அதுவே அவருக்குப் போதிய யோகம். இருந்து போகிறவருக்கு வேண்டியதோ இதற்கு நேர்மாறானது.

காரணம் சரீரத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணற்றில் துலா மிதிப்பவன் முன்னும் பின்னும் நடந்தாலன்றி நீர் மேலே வராததுபோல, கெண்டைக்கால் தசைகள் சுருங்கி நாளங்களை அமுக்கினாலன்றிக் காலுக்கு இறங்கிய இரத்தம் எளிதில் இருதயத்துக்கு ஏறுவதில்லை. நான்கு மணித்தியாலமோ அதற்கு மேலோ அசையாதிருந்து செய்யும் பிரயாணம், பஸ்ஸாயினும் புகையிரதமாயினும் விமானமாயினும், நாளங்களில் இரத்தம் உறையும் அபாயத்தை ஏறத்தாழ இருமடங்காக்குகிறதென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2007 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு தெரிவித்தது. சுமார் 6000 பேரில் ஒருவருக்கே அது நேர்கிறதென்பது ஆறுதல்தான். ஆனால் உறைந்த கட்டி சுவாசப்பைக்குச் சென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே, அசையாமையையும் சுகத்தையும் ஆசனத்தின் இலக்கணமாக வகுத்த பதஞ்சலி முனிவரை வண்டியிலிருக்கும் அவ்வளவு நேரத்துக்குச் சற்று ஒதுக்கி வைப்பதே உசிதம். குதிக்காலை ஊன்றி விரல்களை உயர்த்துவதும், விரல்களை ஊன்றிக் குதிக்காலை உயர்த்துவதும், கணுக்காலைச் சுழற்றுவதும் பார்ப்பதற்கு அற்பமானவை. ஆயினும் கெண்டைக்காலுக்கு வேலை கொடுப்பவை இவையே. விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் 6000 முதல் 8000 அடி உயரத்துக்குரியது, அதாவது நுவரெலியாவிலோ அதற்கும் மேலேயோ இருப்பதற்குச் சமானமாகையால், வயிற்றிலுள்ள வாயு விரிந்து உபத்திரவம் தரும். அப்பொழுது முழங்கால்களை ஒவ்வொன்றாக மார்போடு அணைக்கும் பவனமுக்தாசனத்தை இருந்தபடியே செய்யலாம். மூச்சை மெல்ல இழுத்து அதனினும் மெல்ல விடுவது மனக்கலக்கத்தைத் தணிக்கும். மூச்சை அடக்கும் கும்பகமும், துருத்திபோல் வேகமாக மூச்செறியும் பஸ்திரிகையும் அங்கே வேண்டாம். சிரசாசனத்தைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. பஸ் தேநீருக்கு நிற்கும்போது இறங்காமல் போர்வைக்குள் உறங்குபவர், அந்தப் பிரயாணத்தில் கிடைக்கும் தலைசிறந்த அப்பியாசமாகிய பத்து நிமிட நடையைக் கைவிட்டவராவார்.

போய்ச் சேர்ந்தபின் இரவு பகல் மாறி நித்திரை கெடுவதை எந்த ஆசனமும் தனித்து நின்று தீர்த்துவிடாது. உடலின் கடிகாரத்தைத் திருத்துவது வெளிச்சமே. எனவே சூரிய நமஸ்காரத்தை அறைக்குள் செய்யாமல் வெயில் படும் இடத்தில், புதிய ஊரின் பகற்பொழுதுக்கு ஏற்பச் செய்வது நன்று. அதன் பலனில் பாதி சூரியனுடையது என்றே நான் கருதுகிறேன்.

முன்னர் இரத்தக்கட்டி கண்டவர்களும், அண்மையில் சத்திரசிகிச்சை பெற்றவர்களும், கர்ப்பிணிகளும் பிரயாணச் சீட்டு எடுக்குமுன் வைத்தியரிடம் ஆலோசனை பெறுவார்களாக. பிரயாணத்தின் பின் ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தாலோ, திடீரென மூச்சு முட்டினாலோ, யோகாசனத்தை நாடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.