உங்களுக்குத் தெரியுமா? பக்கத்தை மறைத்தாலும் படம் காட்டிக்கொடுக்கும்

● யூடியூபில் ஒரு வீடியோவைத் தொட்டதும் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்துவிடுவதில்லை. பக்கம் யூடியூப் முகவரியிலிருந்து வருகிறது. வரிசையாகத் தெரியும் சின்ன முகப்புப் படங்கள் ‘ஒய்டிஐஎம்ஜி’ என்ற வேறொரு முகவரியிலிருந்து வருகின்றன. ஓடும் படமும் ஒலியும் வருவது ‘கூகுள்வீடியோ’ என்ற மூன்றாவது முகவரியிலிருந்து. யாருக்கும் தெரியாமல் பார்ப்பதாக நினைக்கும் பலர் மறைத்திருப்பது முதலாவதை மட்டும்தான்.

● கூகுள் கணக்கும் விளம்பரமும் இல்லாமல் யூடியூபைப் பார்க்க உதவும் திறந்தமூல மென்பொருள் ‘இன்விடியஸ்’. தன்னார்வலர்கள் தங்கள் சர்வர்களில் அதை நிறுவி, எல்லோருக்கும் திறந்துவைக்கிறார்கள். தேடலும் பக்கமும் அந்த சர்வர் வழியாகவே வரும். வீடியோவையும் அதே வழியில் அனுப்புவது மட்டும் தனியாக ஓர் அமைப்பு. அது அணைந்திருந்தால் உங்கள் பிரவுசர் நேரே கூகுள்வீடியோவிடம் போய்க் கேட்கும். உங்கள் வீட்டு ஐபி முகவரி அங்கே தெரிந்துவிடும். ஏன் இப்படி? செலவுதான் காரணம். எச்டி தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை ஆகும் என்று நெட்ஃபிளிக்ஸ் சொல்கிறது. கைக்காசில் சர்வர் நடத்துபவரால் எத்தனை பேருக்கு அதைச் சுமக்க முடியும்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த அமைப்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பார்ப்பவருக்குப் பளிச்சென்று காட்டியாக வேண்டும்.

● கூகுள்வீடியோ லிங்க் ஒன்றை நகலெடுத்து முழுதாகப் படித்துப் பாருங்கள். அது எப்போது காலாவதியாகும் என்பது உள்ளே இருக்கும். அதைக் கேட்டு வாங்கியவரின் ஐபி முகவரியும் இருக்கும். ஐபி முகவரியை மறைக்கும் டோர் வலையமைப்பு வழியாகப் பக்கத்தைத் திறந்து, வேகத்துக்காக வீடியோவை மட்டும் நேரடியாக எடுத்தால் என்ன ஆகும்? லிங்குக்குள் டோர் முகவரி இருக்கும். அதைக் கொண்டுவந்து கேட்பது வீட்டு முகவரியாக இருக்கும். யாரும் துப்பறியத் தேவையில்லாமல் இரண்டும் ஒரே கோரிக்கையில் சேர்ந்துவிடுகின்றன. எதையும் மறைக்காமல் பார்ப்பதைவிட இது மோசம் என்பேன். பார்த்தது இன்னது என்பதோடு, இவர் மறைக்க முயன்றார் என்பதும் சேர்ந்தே போகிறது.

● இதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. கோப்புகளைப் பகிர உதவும் பிட்டோரன்ட் பயன்படுத்திய சிலர், கோப்பு யாரிடம் இருக்கிறது என்று விசாரிப்பதை டோர் வழியாகவும், கோப்பை இறக்குவதை நேரடியாகவும் செய்துவந்தார்கள். பிரான்ஸின் இன்ரியா ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட கட்டுரையில், டோர் பயனர்கள் 10,000 பேரின் ஐபி முகவரிகளைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள். கெட்டது டோரன்ட் மட்டுமல்ல. ஒருவரின் பல இணைப்புகளை டோர் ஒரே பாதையில் அனுப்பியதால், அதே பாதையில் அவர் பார்த்த மற்ற இணையதளங்களும் அந்த முகவரியோடு சேர்த்து அடையாளம் காணப்பட்டன. ஒழுங்காக மறைத்திருந்த பகுதியையும் மறைக்காத பகுதி இழுத்துப் போட்டுவிட்டது.

● குறியாக்கம் செய்த வீடியோவும் பேசும். படம் சில விநாடித் துண்டுகளாக வருகிறது. சண்டைக் காட்சி என்றால் துண்டு பெரிது. அசையாத முகம் என்றால் சிறிது. இந்த ஏற்ற இறக்கம் படத்துக்குப் படம் மாறும். அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்விக்கூடத்தைச் சேர்ந்த ரீட், கிராஞ்ச் இருவரும் 2017-இல் 42,000-க்கும் மேற்பட்ட நெட்ஃபிளிக்ஸ் வீடியோக்களுக்கு இப்படி ‘கைரேகை’ எடுத்து, ஓடுவது எந்தப் படம் என்று கண்டுபிடித்தார்கள். எதையும் திறந்து படிக்கவில்லை, அளவை மட்டும் பார்த்தார்கள். விபிஎன் போட்டாலும் இந்த ஏற்ற இறக்கம் தானாக அழிந்துவிடாது.

● கணக்கு இல்லாமல் பார்த்தால் போதும் என்பவர்கள் அமெரிக்காவின் கென்டக்கியில் நடந்த வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் 8 வரை குறிப்பிட்ட சில யூடியூப் வீடியோக்களைப் பார்த்த அனைவரின் விவரத்தையும் தரும்படி கூகுளுக்கு அங்கே நீதிமன்ற உத்தரவு போனது. ஃபோர்ப்ஸ் இதழ் 2024 மார்ச்சில் இதை வெளியிட்டது. எல்லோருக்கும் திறந்திருந்த மென்பொருள் பயிற்சி வீடியோக்கள் அவை. 30,000-க்கும் மேற்பட்ட முறை பார்க்கப்பட்டவை. கணக்கு உள்ளவர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண் கேட்கப்பட்டன. கணக்கு இல்லாதவர்களுக்கு? ஐபி முகவரி. தேடப்பட்டவர் ஒருவர்; வலைக்குள் வந்தவர்கள் அத்தனை பேரும்.

● யூடியூப் மீது ஊடக நிறுவனமான வயாகாம் தொடுத்த வழக்கில், 12 டெராபைட் யூடியூப் பார்வைப் பதிவுகளை ஒப்படைக்க 2008 ஜூலையில் நீதிபதி லூயிஸ் ஸ்டான்டன் உத்தரவிட்டார். ஐபி முகவரியை மட்டும் வைத்துப் பெரும்பாலும் ஆளை அடையாளம் காண முடியாது என்று கூகுள் தரப்பே முன்பு எழுதியிருந்ததை அவர் எடுத்துக்காட்டினார். எதிர்ப்பு வலுத்தபின் பயனர் பெயர்களையும் ஐபி முகவரிகளையும் மறைத்துத் தருவதென்று அதே மாதம் இரு தரப்பும் ஒப்புக்கொண்டன.

● ஐபோனில் ஐபி முகவரியை மறைக்கும் ‘பிரைவேட் ரிலே’ வசதியைப் போட்டிருக்கிறீர்களா? அது காப்பது முக்கியமாக சஃபாரி பிரவுசரைத்தான். யூடியூப் ஆப்பில் ஓடும் வீடியோ அதற்கு வெளியே.

● வீடியோவையும் சேர்த்து இன்னொருவர் சர்வர் வழியாக எடுத்தால் கூகுளிடமிருந்து உங்கள் முகவரி மறைகிறது. ஆனால் உங்கள் முகவரியும் நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள் என்பதும் இப்போது அந்த சர்வரை நடத்துபவருக்குத் தெரியும். விளம்பரக் கணக்கெடுப்பிலிருந்து தப்பினால் போதும் என்பவருக்கு இது நல்ல பேரம். பார்ப்பது தெரிந்தால் வேலையோ உயிரோ போகும் என்ற நிலையில் உள்ளவர் முகம் தெரியாத ஒருவரை நம்பக் கூடாது. வேகம் குறைந்தாலும் டோர் பிரவுசருக்குள்ளேயே பக்கம், படம் எல்லாவற்றையும் பார்ப்பதுதான் அவருக்குச் சரி.

● டோரை உருவாக்கியவர்களில் இருவரான ரோஜர் டிங்கில்டைன், நிக் மேத்யூசன் 2006-இல் எழுதிய கட்டுரையின் வாதம் இது: கூட்டம் பெருகினால்தான் மறைவும் பெருகும். ஒருவரின் சொந்தப் பழக்கத்துக்கும் இது பொருந்தும். சிக்கலான வீடியோவுக்கு மட்டும் மறைவைப் போட்டு, சமையல் குறிப்பையும் கிரிக்கெட்டையும் திறந்தவெளியில் பார்ப்பவர், எப்போதெல்லாம் தான் எதையோ ஒளிக்கிறார் என்பதைத் தன் இணைய இணைப்பு நிறுவனத்துக்குத் தானே நேரம் குறித்துக் கொடுக்கிறார்.

● இன்விடியஸ் போன்ற தளத்தில் உங்கள் நிலை என்ன? கணினி பிரவுசரில் எஃப்12 அழுத்தி, ‘நெட்வொர்க்’ பகுதியைத் திறந்துவைத்து, ஒரு வீடியோவை ஓடவிடுங்கள். கீழே ஓடும் வரிகளில், கோரிக்கை போகும் தளத்தின் (டொமைன்) பெயராகக் கூகுள்வீடியோ வந்தால் படம் நேரடியாக வருகிறது. அமைப்புகளில் வீடியோவை சர்வர் வழியாக எடுக்கும் தேர்வைப் போட்டுவிட்டு மறுபடியும் ஓடவிட்டுப் பாருங்கள்.