தச்சுக் கூடத்தில் ஒரு நீராவி இயந்திரம்

நமது பங்குப் பள்ளியின் முன்கூடத்தில், கண்ணாடிப் பேழை ஒன்றினுள், மரத்தாலான நீராவி இயந்திரம் ஒன்று நிற்கிறது. அது ஓடாது, புகையாது, கூவாது. ஒரு முழத்திற்கும் குறைவான நீளமே உடையது. ஆயினும் காலையில் பள்ளிக்கு வரும் சிறுவர்களுள் அதன் முன் ஒரு நொடியேனும் நில்லாது செல்வோர் அரியர். அது உருவான வரலாற்றை நம் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது நமது நெடுநாளைய விருப்பம்.

நம் பங்கைச் சேர்ந்த தச்சர் ஒருவரின் மகன் பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வில் கணக்கிலே தவறிவிட்டான். தேர்வு முடிவு வந்த நாள்முதல் தந்தையும் மகனும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. உண்ண அழைப்பதும் தாயின் வாயிலாகவே. “சாமி, இவனுக்குப் படிப்பும் ஏறவில்லை, உளியும் பிடிக்கவில்லை” என்று தந்தை நம்மிடம் வந்து மனம் நொந்தார். நமக்கு உடனே அறிவுரை ஒன்றும் தோன்றவில்லை. பள்ளியில் பார்வைக்கு வைக்க ஒரு பழைய புகைவண்டி இயந்திரத்தின் மாதிரி வேண்டும் என்றும், இருவரும் சேர்ந்து செய்தாலன்றி ஏற்கமாட்டோம் என்றும் சொல்லி அனுப்பினோம்.

எந்த இயந்திரத்தைச் செய்வது? 1829ஆம் ஆண்டு இங்கிலாந்தில் உருவான ‘ராக்கெட்’ என்பதைத் தேர்ந்தோம். லிவர்ப்பூல், மான்செஸ்டர் நகரங்களை இணைக்கும் இருப்புப் பாதைக்குத் தகுந்த இயந்திரம் எது எனக் கண்டறிய, அவ்வாண்டு அக்டோபரில் ரெயின்ஹில் என்னுமிடத்தில் ஒரு போட்டி நடந்தது. பரிசு 500 பவுண்டு. களம் இறங்கியவற்றுள் எல்லாச் சோதனைகளையும் நிறைவேற்றியது ராக்கெட் ஒன்றே. அதன் உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 30 மைல். குதிரையின் வேகத்தையே பெருவேகமெனக் கருதியிருந்த மக்களுக்கு அது பெரும் வியப்பு.

இதனை நாம் தேர்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. இதுவும் ஒரு தந்தையும் மகனும் சேர்ந்து கண்ட படைப்பே. தந்தை ஜார்ஜ் ஸ்டீபன்சன், சுரங்க நீரிறைக்கும் இயந்திரத்திற்கு நெருப்பிடும் தொழிலாளியின் மகனாக 1781இல் பிறந்தவர். பதினெட்டு வயதுவரை எழுதப் படிக்க அறியார். பின்னரே இரவுப் பள்ளியில் எழுத்தறிந்தார். இளவயதிலேயே மனைவியை இழந்தவர், காலணி தைத்தும் கடிகாரம் பழுது பார்த்தும் ஈட்டிய பொருளைக் கொண்டு மகன் ராபர்ட்டைப் படிக்க வைத்தார். மகன் நகரத்திலிருந்து கொணர்ந்த நூல்களை இரவில் இருவரும் சேர்ந்து படித்தனர். 1816ஆம் ஆண்டு ஆகஸ்டு 11 என நாள் பொறித்து, இருவரும் கூடிச் செய்த சூரியக் கடிகாரம் ஒன்று அவர்கள் வாழ்ந்த வீட்டின் வாயில்மேல் பதிக்கப்பட்டது. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் ராக்கெட்டை வடிவமைத்ததில் பெரும்பங்கு மகனுடையது.

இனி வேலைக்கு வருவோம். மாதிரி செய்வோர் முதலில் கொள்ள வேண்டியது அளவு. அடிக்கு ஓர் அங்குலம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. மூலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ராக்கெட்டின் பெரிய சக்கரத்தின் விட்டம் 4 அடி 8½ அங்குலம்; அதாவது 56½ அங்குலம். அதனைப் பன்னிரண்டால் வகுக்க வேண்டும். “நீயே போடு” என்று மகனிடம் தாளை நீட்டினோம். தயங்கித் தயங்கிப் போட்டான். 4.7 அங்குலம், ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் என்று வந்தது. 6 அடி நீளமும் 3 அடி 4 அங்குல விட்டமும் உடைய கொதிகலன், 6 அங்குல நீளமும் 3⅓ அங்குல விட்டமும் ஆயிற்று. பின்னே உள்ள சிறு சக்கரங்கள் 2½ அங்குலம். தேர்வுத் தாளில் அவனை அச்சுறுத்திய பின்னங்கள், தச்சுக் கூடத்தில் வந்தபோது கையால் தொடக்கூடிய பொருள்களாயின.

தச்சர் தம் அனுபவத்தை நம்பி, சக்கரத்தை ஒரே பலகையிலிருந்து வட்டமாக அறுத்தார். பார்வைக்கு அழகாகவே இருந்தது. ஒரு வாரம் அடைமழை பெய்தது. வட்டம் முட்டை வடிவாயிற்று; ஓரத்தில் ஒரு துண்டும் பெயர்ந்து விழுந்தது. மரம் ஈரத்தை உண்டு நார்க்குறுக்கே பருக்கும். நெடுக்கே பருப்பது மிகச் சிறிது. மேலும் நார் குறுகலாக ஓடும் இடங்களில் வலுவிராது. இது தச்சர் அறியாததன்று. வண்டிச் சக்கரத்தின் வட்டையைத் துண்டு துண்டாக இணைப்பது இதற்காகவே. “சின்னதுதானே என்று அசட்டையாக இருந்துவிட்டேன்” என்றார்.

உண்மையில் ராக்கெட்டின் பெருஞ்சக்கரமும் நம் மாட்டுவண்டிச் சக்கரத்தின் உறவே. ஆரக்கால்களும் வட்டையும் மரம். சுற்றிலும் இரும்புப் பட்டை. ஆகவே இம்முறை வட்டையை ஆறு துண்டுகளாகச் செய்தனர். கவராயத்தின் விரிப்பை மாற்றாமல் வட்டத்தின்மேல் எட்டு வைத்துச் சென்றால், ஆறாவது எட்டு புறப்பட்ட இடத்திற்கே வந்து சேரும். அந்த ஆறு புள்ளிகளே துண்டுகள் சேரும் இடங்கள். மகன் இதனைக் கண்டு மகிழ்ந்து, வேறொரு தாளில் மீண்டும் மீண்டும் வரைந்து பார்த்தான்.

கொதிகலனுக்கு நன்கு உலர்ந்த தேக்குப் பலகைகளை வஜ்ஜிரமிட்டு ஒட்டி, கடைசல் பட்டறையில் உருட்டினர். ஒரே கட்டையில் கடைந்தால் நடுவிலிருந்து வெடிக்கும் என்ற அச்சமே காரணம். நீர் கொண்டுசெல்லும் பின்வண்டியின் பீப்பாய் மூலத்திலும் மரமே ஆதலால் அங்கே பாசாங்கு ஒன்றும் தேவைப்படவில்லை. குழாய்களுக்குச் செம்புக் கம்பி; தறையாணித் தலைகளுக்குப் பித்தளைக் குண்டூசி. இரும்பாய்த் தோன்ற வேண்டிய பகுதிகளுக்குக் கருவண்ணம் பூசி, மேலே பென்சில் கரிப்பொடியைத் துணியால் தேய்த்தால் பழைய இரும்பின் மங்கிய பளபளப்பு வந்துவிடும்.

மாதிரி செய்வோர் ஏமாறக்கூடிய இடம் ஒன்றுண்டு. மூல இயந்திரம் 1862இல் லண்டன் அருங்காட்சியகத்திற்கு வந்து சேர்ந்தது. இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது. ஆனால் போட்டிக்குப் பின் அதில் பல மாற்றங்கள் செய்யப்பட்டன. 1829இல் அதன் உருளைகள் சரிந்து நின்றன. வண்டி மிகவும் குலுங்கியதால் பின்னர் ஏறக்குறையப் படுக்கைவாட்டில் தாழ்த்தப்பட்டன. அருங்காட்சியகப் படத்தைப் பார்த்துச் செய்தால் போட்டியில் வென்ற இயந்திரம் கிட்டாது. நாம் சரிந்த உருளைகளையே வைத்தோம். மஞ்சளும் கறுப்பும் பூசிப் புகைபோக்கிக்கு வெண்மை தீட்டினோம்.

ராக்கெட்டின் உயிர்நிலை வெளியே தெரியாத ஓரிடத்தில் உள்ளது. அதற்கு முந்தைய இயந்திரங்களில் தீயின் வெம்மை பெரும்பாலும் ஒரே பெரிய குழாய் வழியாகக் கொதிகலனைக் கடந்து வீணாயிற்று. ராக்கெட்டிலோ 3 அங்குல விட்டமுள்ள 25 செம்புக் குழாய்கள் கொதிகலனின் கீழ்ப்பாதியில் ஓடின. நீரைத் தொடும் பரப்பு மிகுந்தது. நீராவியும் விரைந்து பெருகிற்று. நமது அளவில் ஒவ்வொன்றும் கால் அங்குலத் துளை. “இது மூடிக்குள் போய்விடும், யார் பார்க்கப் போகிறார்கள்?” என்றார் தச்சர். மகன் விடவில்லை. முகப்புத் தட்டில் இருபத்தைந்து துளைகளையும் துரப்பணத்தால் ஒவ்வொன்றாய் இட்டான். முகப்பைக் கழற்றிக் காட்டக்கூடியதாகவும் அமைத்தான்.

இறுதியில் சக்கரங்களில் உந்துகோல் பூட்டும் முளைகளைப் பொருத்தும் வேலை. தச்சர் இடச் சக்கரத்திலும் வலச் சக்கரத்திலும் முளைகளை ஒரே நிலையில் அடித்துவிட்டார். மகன் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, எத்தனையோ வாரங்களுக்குப் பின், தந்தையை நேராக அழைத்தான். “அப்பா, இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால், தண்டு கடைசி முனைக்குப் போய் நிற்கும்போது இரண்டு பக்கமும் சேர்ந்து நின்றுவிடும். நீராவி தள்ளினாலும் சக்கரம் உருளாது. ஒன்றுக்கொன்று கால் வட்டம் தள்ளி வைக்க வேண்டும்.”

நாம் மூச்சடக்கி நின்றோம். வஜ்ஜிரம் காய்ந்துவிட்டது, பிடுங்கினால் சக்கரமே கெடலாம். ஓடாத பொம்மைக்கு இது எதற்கு என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அக்கூடத்தில் மீண்டும் அமைதியே நிலவியிருக்கும். அவர் சக்கரத்தை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். இன்னொரு சுற்றும் சுற்றினார். “சரிதான், எனக்குத் தோன்றவில்லை. வெந்நீர் கொண்டு வா, நனைத்து எடுப்போம்” என்றார்.

மகன் வெந்நீர் எடுக்க ஓடினான். முளை வந்தது, சக்கரமும் பிழைத்தது.

வாசகரே, அவ்வாண்டுத் துணைத் தேர்வில் அவன் தேறினான். எனினும் இதைச் சொன்னால் பிள்ளைகள் தேறுவதற்கென்றே பெற்றோர் மரமும் உளியும் வாங்கித் தருவரோ என அஞ்சுகிறோம். நாம் சொல்ல வந்தது அதுவன்று. பிள்ளையோடு பேசச் சொல் கிடைக்காத வீட்டில், இருவர் கைகளும் படும்படி ஒரு வேலையை நடுவே வைக்கலாம். வேலை பொதுவாகிவிட்டால் பிழையும் பொதுவாகிவிடும். திருத்துவோன் சிறியவனாயினும் பெரியவர்க்கு இழுக்கில்லை.

சென்ற மாதம் அக்கூடத்தின் வழியே சென்றோம். புதிதாய்க் கதவு ஒன்றுக்குப் பலகை அறுபட இருந்தது. வாளைக் கையில் எடுத்த தச்சர், பலகைமேல் அதனை வைக்கவில்லை. உள்ளே திரும்பி, “தம்பி, அளவு எவ்வளவு?” என்று கேட்டு, விடை வரும்வரை காத்து நின்றார்.